பல்பு எரிந்த நேரம்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. அந்தப் புரொஜெக்டர் இன்றும் எங்கள் கடை அலமாரியில் இருக்கிறது. மெனுவைத் திறந்தால் அந்த எண்ணும் இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

கடை மாமாவுடையது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். எதை வாங்குவது என்று குழம்பி வருபவர்களுக்கு இரண்டு புரொஜெக்டர்களை அருகருகே ஓட்டி, வெளிச்சத்தை அளந்து சொல்வது என் வேலை. அன்று ஒரு பல் டாக்டருக்காக. வலப்பக்கம் புதிய லேசர். இருபதாயிரம் மணி நேரம் உழைக்கும். இடப்பக்கம், முந்தின வாரம் ஒரு பெண்மணி விற்றுவிட்டுப் போன பழைய மெஷின். அதன் பல்பு நாலாயிரம் தாங்கினாலே பெரிது. கருகிப்போன பல்பைக் கழற்றிப் புதியது மாட்டி, மணிக்கணக்கைப் பூஜ்யத்துக்குத் திருப்பியிருந்தேன்.

சோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர், கூரை, கதவு எல்லாம் கறுப்புத் துணி. கதவின் உள்பக்கக் கைப்பிடி பளபளக்கிறதென்று நாங்களே அதைக் கழற்றியிருந்தோம். செல்போனும் வெளியேதான், அதன் வெளிச்சம் அளவைக் கெடுக்கும். வேலை முடிந்து தட்டினால் மாமா திறப்பார்.

"உள்ளயே குறட்டை விட்றாத மாப்ள. டாக்டர் நாலு மணிக்கு வர்றாரு."

"நீங்க கல்லாவுல குறட்டை விடாம இருந்தா போதும் மாமா."

கதவு சாத்தப்பட்டது. கைக்கடிகாரத்தில் மதியம் 2.10.

இரண்டையும் போட்டேன். திரையின் இரு பாதிகளும் வெள்ளை.

2.25. இடப் பாதியின் கீழ்மூலையில் ஒரு கறை. லென்ஸைத் துடைத்தேன். போகவில்லை.

2.31. கறைக்குத் தோள்கள் முளைத்திருந்தன. முன்னால் யாரோ உட்கார்ந்திருப்பது போன்ற நிழல். நான் மெஷின்களுக்குப் பின்னால் இருந்தேன். முன்னால் யாரும் இல்லை... வலப் பாதி மட்டும் பால் போல வெள்ளை.

மெனுவைத் திறந்தேன். பல்பு எரிந்த நேரம்: 9 மணி.

போட்டு அரை மணிகூட ஆகவில்லை.

கதவைத் தட்டினேன். பதில் இல்லை.

2.40. எண் 27. நிழல் எழுந்து நின்றது.

இரண்டு கைகளாலும் அடித்தேன். "மாமா! திறங்க மாமா!" என் குரலைத் துணி விழுங்கியது.

ஓடிப்போய்ப் பழைய மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன்.

அணைந்தது லேசர். பழையது எரிந்துகொண்டே இருந்தது.

2.48. எண் 52. நிழல் தடுமாறிச் சரிந்தது. பிறகு ஊர்ந்தது... திரையின் ஓரத்தைத் தாண்டி... கதவின் பக்கம்.

நான் கதவில்தான் சாய்ந்திருந்தேன்.

டப்!

இருட்டு.

அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன்...

3.05. கதவு திறந்தது. மாமாவின் முகம் வெளிறியிருந்தது.

"உள்ள கூட யாருடா?"

"யாரும் இல்ல மாமா."

"வெளையாடாத. மேல ஒரு ஆள் அடிக்கிறான். கீழ, தரையோரமா, இன்னொரு ஆள் அடிக்கிறான். ரெண்டையும் கேட்டுட்டுத்தானே ஓடி வர்றேன்?"

மறுநாள் வேறு பல்பு மாட்டினோம். கணக்கு அப்படியே நின்றது. 61.

விற்ற பெண்மணிக்குப் போன் செய்தேன். அந்த மெஷினை யார் வைத்திருந்தார்கள் என்று மட்டும்தான் கேட்டேன்.

"எங்க அப்பாங்க. தனியா இருந்தாரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் படம் பார்க்கப் போறேன்னு போன்ல சொன்னாரு. கதவு சிக்கிக்கிச்சு போல... விழுந்து இடுப்பும் ஒடிஞ்சிருக்கு. திங்கட்கிழமை காலையில ஏழு மணிக்கு நான் போய்த் திறக்கிறேன், அப்பதான் பல்பு டப்புன்னு போச்சு. கதவோட அடிப்பக்கம் பூரா கீறலுங்க."

வெள்ளி ஆறிலிருந்து திங்கள் ஏழு. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டு முறை.

அன்றே மாமா கதவுக்குக் கைப்பிடி வாங்கி வந்தார். ஒன்று போதும் என்றார்.

நான் இரண்டு மாட்டினேன். இரண்டாவதைத் தரையோரமாக.