கண்ணாடிக்குள்ள அஞ்சு பெரிய லேப்டாப்பு

லேப்டாப் கடை கவுண்டர்ல நிக்கிறவனுக்கு ஜூன் மாசம் மட்டும் நாக்குதான் முதலு. மத்த பதினோரு மாசமும் தொடைக்கிற துணிதான்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து, கவுன்சிலிங் முடிஞ்சு, காலேஜ் தொறக்குறதுக்கு முன்னாடி ஒரு மூணு வாரம் இருக்கு பாருங்க, அப்ப தேனிக்குப் பஸ் ஏறுற குடும்பம் பூராவும் எங்க கடைக்குத்தான் வரும். எல்லாரும் கேக்குறது ஒரே கேள்வி: "சின்னது போதுமா, பெருசு வாங்கணுமா?" துணிக்கடையில, செருப்புக்கடையில, செல்போன் கடையில நின்னு கால் வீங்குன சனங்களே, உங்களுக்கே தெரியும். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் நாமதான் குத்தவாளி.

வெளிய நில்லு

எங்க மொதலாளி அண்ணாச்சி நல்ல மனுசன். ஆனா இந்த வருசம் மதுரை டீலர் பேச்சைக் கேட்டு, கேம் விளையாடுற மாதிரி அஞ்சு பெரிய லேப்டாப்பை எடுத்துப் போட்டுட்டாக. கீபோர்டுல செவப்பு, பச்சை, ஊதான்னு லைட்டு ஓடும். ஒவ்வொண்ணும் செங்கல் கனம். கண்ணாடி அலமாரிக்குள்ள அஞ்சும் வரிசையா நின்னு, கோயில் திருவிழா சீரியல் செட்டு மாதிரி மினுக்கிக்கிட்டு இருந்துச்சு. ஒருத்தரும் சீண்டல.

என் கதை உங்களுக்குத் தெரியாது. எஞ்சினியரிங் ரெண்டாவது வருசத்துல கும்பிடு போட்டுட்டு வந்தவன் நான். கூரியர்ல நாலு மாசம், போடியில ஏலக்கா ஸ்டோர்ல மூணு மாசம், செல்போன் கடையில நாப்பது நாளு. ஒரு எடத்துல உக்காந்தா எனக்கு உடம்பு அரிக்கும். இந்தக் கடையில மட்டுந்தான் ஒரு வருசம் தாண்டிட்டேன். எங்கம்மா ரேஷன் கடை வரிசையில "மகன் கம்ப்யூட்டர் லைன்ல இருக்கான்"னு சொல்ல ஆரம்பிச்சிருச்சு. எனக்கும் இங்கனயே கிடந்துரலாம்னு ஒரு எண்ணம். அந்த நேரம் பாத்து அண்ணாச்சி கூப்பிட்டு உக்கார வச்சாக. எங்க கடையில யாரு வித்தாகளோ அவுக பேருதான் பில்லுல இருக்கும். பில் புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டே சொன்னாக: "காலேஜ் தொறக்குறதுக்குள்ள அஞ்சும் உன் பேர்ல பில் ஆகணும். ஒண்ணு மிஞ்சுனாலும் அது உள்ள நிக்கும், நீ வெளிய நில்லு."

துண்டுக்குள்ள கை

மொத ஆளு கெங்குவார்பட்டி மாட்டுத் தரகரு. மகன் கம்ப்யூட்டர் எஞ்சினியரிங் சேந்திருக்கான், பக்கத்துல வாயத் தொறக்காம நிக்கிறான். அப்பாக்காரரு பெரிய லேப்டாப்பைச் சுத்திச் சுத்தி வந்தாரு. பின்னாடி குனிஞ்சு பாத்தாரு. மூடியைத் தொறந்து, மூடி, மறுபடி தொறந்து, "எத்தனை வருசம் உழைக்கும்?"னாரு. "நாலு வருசம் தாராளமா"ன்னேன். "அப்புறம்?" "அப்புறம் மூப்பு தட்டிரும்ண்ணே"ன்னேன். மனுசனுக்கு நம்பிக்கை வந்துருச்சு.

டக்குன்னு தோள்ல கிடந்த துண்டை எடுத்து என் கை மேல போட்டு, உள்ள கைய விட்டு என் விரலைப் பிடிச்சாரு. மாட்டுச் சந்தையில அப்பிடித்தான் விலை பேசுவாகளாம். எனக்கு என்ன தெரியும்? பாசத்துல கை குடுக்குறாருன்னு நெனச்சு நானும் ரெண்டு அமுக்கு அமுக்குனேன். "முடிஞ்சது! வாக்கு வாக்குதான்"னு சொல்லித் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. நான் எவ்வளவு கொறச்சேன்னு எனக்கே தெரியாது. அவரு சொன்ன விலையைக் கேட்டு அண்ணாச்சிக்கு மொகம் கறுத்துப் போச்சு. இருந்தாலும் குடுத்த வாக்குன்னு பில் போடச் சொல்லிட்டாக. அவரு படியிறங்குனதும் என் பக்கம் திரும்பி, "இனிமே துண்டோட எவன் வந்தாலும் ரெண்டு கையும் பாக்கெட்டுக்குள்ள இருக்கணும்"னாக.

மிச்சம் நாலு.

எட்டு எம்எம் இருக்கா?

அடுத்து வந்தது போடி ஏலக்கா யாவாரி. வெள்ளை வேட்டி, பையில ரெண்டு போனு. மக பி.ஏ. தமிழ் சேந்திருக்கு. நானும் நியாயமாத்தான் ஆரம்பிச்சேன்: "அண்ணே, பாப்பாவுக்கு டைப் பண்ணணும், நெட்டு பாக்கணும், அவ்வளவுதான? இந்தச் சின்னது போதும்."

அவரு சின்னதைத் திரும்பியே பாக்கல. "இருக்குறதுல பெருசு எது? எட்டு எம்எம் மாதிரி?"ன்னு கேட்டாரு. ஏலக்காயில எட்டு எம்எம்முன்னா நல்லாப் பருத்த காய், தரத்துல ஒசந்தது. ஸ்டோர்ல மூணு மாசம் சல்லடை பிடிச்சவன்ங்கிறதால எனக்குப் புரிஞ்சிருச்சு. கண்ணாடியைத் தொறந்து லைட்டை ஓட விட்டேன். "ரெண்டு எடு. தம்பி மகனும் காலேஜுதான் போறான்"னுட்டாரு. பக்கத்துல நின்ன மக எங்கிட்ட மெதுவா, "அண்ணே, இந்த லைட்டை அமத்த முடியுமா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு லேசா உறுத்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதைக் கேட்டுக்கிட்டே யாவாரி சிரிச்சாரு: "சின்னக் காயும் மணக்கத்தான் செய்யும் தம்பி. ஆனா சம்பந்தி வீட்டுக்குப் பெரிய காயைத்தான தட்டுல வைக்கிறோம்?"

மிச்சம் ரெண்டு.

நெத்திப் பொட்டு

கம்பம் பக்கத்துல திராட்சைத் தோட்டக்காரக ஒரு குடும்பம். மகன் அனிமேஷன் படிக்கப் போறான், அதனால பெருசு சரிதான். வந்தாக, பாத்தாக, வாங்கிட்டாக. இவ்வளவு சுளுவா ஒரு யாவாரம் முடிஞ்சா நான் பயந்துக்குவேன். பயந்த மாதிரியே நாலாம் நாளு பெட்டியோட திரும்பி வந்தாக. "கேமராவுல படம் தெரியல. பூராம் செவப்பா இருக்கு."

எங்க கடையில ரிப்பேர் பாக்குறது ஜெபா அக்கா. ஓரத்துல ஒரு மேசை, ஒரு லைட்டு, வாயில ஒரு ஸ்க்ரூ. அக்கா மூடியைத் தொறந்து, மோந்து பாத்துச்சு. என்னன்னா, புது வண்டிக்குப் பூசை போடுற மாதிரி லேப்டாப்பை நேரா வீரபாண்டி கோயிலுக்குக் கொண்டு போயிருக்காக. ஸ்கிரீனுக்கு மேல நடுவுல ஒரு சின்ன வட்டம் இருக்குல்ல, அதைப் பொட்டு வைக்கத்தான் விட்டிருக்காகன்னு அந்தப் பையனோட அம்மா சந்தனத்தைக் கொழைச்சு அப்பி, அதுக்கு மேல குங்குமமும் வச்சிருக்காக. அதோட நிக்கல. அடியில எலுமிச்சம்பழம் வேற. லேப்டாப்புக்குச் சக்கரம் இல்லேங்கிறதால அந்த அம்மாவே ரெண்டு கையாலயும் வச்சு அமுக்கி நசுக்கியிருக்காக. காத்துப் போற ஓட்டையெல்லாம் எலுமிச்சை வாசம். அக்கா பஞ்சை நனைச்சுத் தொடைச்சுக்கிட்டே சொல்லுச்சு: "சாமிக்கு நெத்தியில வைங்கம்மா, தப்பில்ல. இதுக்கு நெத்தியிலதான் கண்ணே இருக்கு."

மிச்சம் ஒண்ணு.

நீ எதுல படிச்ச?

அந்த ஒண்ணைத் தள்ளி விட்டா என் வேலை நிலைக்கும். காலேஜ் தொறக்க ஒரு வாரம் இருக்கு. அப்பதான் ஒரு பய அவங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்தான். பி.காம். சேந்திருக்கான். அவன் கண்ணு நேரா லைட்டு ஓடுற லேப்டாப்பு மேலதான். என்னைப் பாத்து ஒரு கண்ணடி வேற. எனக்குப் புரிஞ்சு போச்சு: கேமு. ஏன்னா நானும் அப்பிடித்தான் எங்கப்பாவைக் கடைக்கு இழுத்துட்டுப் போனேன்.

நானும் ஆரம்பிச்சேன். பிராசஸரு, கிராபிக்ஸ் கார்டு, கூலிங்குன்னு அள்ளி விட்டேன். அந்தம்மா எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுக்கிட்டாக. கடைசியில ஒரே கேள்வி: "இதுல படிச்சா பாஸாயிருவானா தம்பி?" "அதெல்லாம் அவன் கையில இருக்கும்மா"ன்னேன். "சரி, நீ எதுல படிச்ச?" எத்தனையோ பொய் சொல்லியிருக்கேன், அந்த நேரம் பாத்து ஒண்ணும் வரல. "இதே மாதிரி பெருசுலதான்"னேன். "எது வரைக்கும் படிச்ச?" "ரெண்டாவது வருசம். அப்புறம் விட்டுட்டேன்." அந்தம்மா லேப்டாப்பை ஒரு பார்வை, என்னைய ஒரு பார்வை பாத்துட்டுச் சொன்னாக: "அப்ப அந்தச் சின்னதையே கட்டிக் குடுத்துருப்பா."

டிராக்டரு எங்க நிக்கணும்?

வியாழக்கிழமை. ஜெயமங்கலத்துல இருந்து வாழை போடுற சம்சாரி ஒருத்தரு, சம்சாரம், மகன், மக. ஒரே வீட்டுல ரெண்டு காலேஜு. மகன் பி.பி.ஏ., ஒரு வருசம் வீட்டுல இருந்துட்டு இப்பத்தான் சேர்றான். மக ஆர்க்கிடெக்சர், மதுரையில. அப்பாரு முடிவு பண்ணித்தான் வந்திருக்காரு: "பெருசு மகனுக்கு. சின்னது மகளுக்கு. பில்லைப் போடு."

என் நெஞ்சுக்குள்ள கொட்டு மேளம். கடைசிப் பெருசு! பில்லுல என் பேரைக்கூட எழுதிட்டேன். அப்ப அந்தப் புள்ள பெட்டி மேல எழுதியிருக்குறதை வாசிச்சுட்டு மெதுவாக் கேட்டுச்சு: "அண்ணே, வீடு, கட்டடமெல்லாம் வரையுற சாஃப்ட்வேர் இந்தச் சின்னதுல ஓடுமா?"

ஓடும்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அதைச் சொன்னா என் வேலை எனக்கு. அண்ணாச்சி கல்லாவுல இருந்து என் வாயையே பாத்துக்கிட்டு இருக்காக. ஜெபா அக்கா ஸ்க்ரூவை வாயில இருந்து எடுத்துருச்சு.

"ஓடாதும்மா. தவழும்"னுட்டேன்.

அப்பாரு திரும்புனாரு. "பொம்பளப் புள்ள, தூக்கிட்டுப் போகச் சின்னதுதான்ப்பா தோது." நான் அத்தோட விட்டிருக்கணும். ஆனா இந்த வாயி ஒரு தடவை தொறந்தா அண்ணாச்சி ஷட்டரை எறக்குனாத்தான் மூடும். "அய்யா, உங்க வீட்டுல டிராக்டரு இருக்கும், மொபெட்டும் இருக்கும். வாழைத்தாரு ஏத்த எதை அனுப்புவீக? டீக்கடைக்கு எதுல போவீக? லோடு அடிக்கப் போறது தங்கச்சி. அண்ணனுக்கு டீக்கடை வேலைதான்யா." மகன்காரன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். அம்மாக்காரக சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டுச் சிரிப்பை அடக்குனாக. சம்சாரிக்கு மீசை துடிச்சுச்சு. எடுத்த பணத்தை மடியில திரும்பச் சொருகிட்டுச் சொன்னாரு: "எங்க வீட்டு டிராக்டரை எங்கன நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்லே. நடங்க எல்லாரும்!"

பில்லுல யாரு பேரு

வெள்ளி போச்சு. அந்த ஒண்ணு கண்ணாடிக்குள்ள தனியா மினுக்கிக்கிட்டே நின்னுச்சு. எங்கம்மாட்ட எப்பிடிச் சொல்றதுன்னு நான் மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டு இருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அதே குடும்பம் படியேறுது. சம்சாரி என்னையத் திரும்பியும் பாக்கல. நேராக் கல்லாவுக்குப் போயி, "பெருசு மகளுக்கு, சின்னது மகனுக்கு"ன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அந்தப் புள்ளதான் பக்கத்துல வந்து கிசுகிசுத்துச்சு: "அம்மா ரெண்டு நாளா அப்பாட்டப் பேசலண்ணே. சோத்தைப் போட்டு வச்சுட்டுத் தோட்டத்துக்குப் போயிருச்சு. அண்ணனும் எனக்குச் சின்னதே போதும்னுட்டான்." நான் பல்லெல்லாம் தெரியப் பில் புத்தகத்தை எடுத்தேன். சம்சாரி கைய நீட்டித் தடுத்தாரு. "ஒரு கண்டிசன் அண்ணாச்சி. இந்த வாயாடிப் பய கையால பில்லு வேண்டாம். வேற ஆரையாச்சும் எழுதச் சொல்லுங்க."

எழுதுனது ஜெபா அக்கா. ஆக, பெருசு அஞ்சும் போச்சு, என் பேர்ல நாலுதான். அவுக போனதும் அண்ணாச்சி பில்லைப் பாத்தாக, என்னையப் பாத்தாக. "சொன்னது சொன்னதுதான்டா. இனிமே கவுண்டர்ல நீ கெடையாது"ன்னாக. நானும் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில வச்சேன். அப்ப ஜெபா அக்கா இன்னொரு ஸ்டூலைக் காலால இழுத்து அதோட மேசைக்குப் பக்கத்துல போட்டுச்சு. அண்ணாச்சி வேண்டாம்னு சொல்வாகன்னு பாத்தேன்; அவுக கல்லாவுக்குள்ள தலையை விட்டு எதையோ தேடுற மாதிரி பாவலா பண்ணுனாக. அக்கா ஸ்க்ரூ டிரைவரை என் கையில திணிச்சுச்சு: "இங்கன உக்காரு. இந்த மேசைக்கு வர்றவுக எல்லாம் ஏற்கனவே ஏமாந்துட்டு வந்தவுக. நீ உண்மையைச் சொன்னாலும் யாவாரம் கெடாது."

ஒரு வருசம் நின்னு நான் கண்டது இதுதான் சனங்களே: லேப்டாப்பை எவனும் கடையில வாங்குறதில்ல, வீட்டுல சண்டை போட்டு வாங்கி முடிச்சுட்டு, பில்லுக்கு மட்டுந்தான் எங்ககிட்ட வர்றாக.