பெரட்டுக்களத்துத் தண்டவாளம்

தேயிலைத் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, பேர் கொடுத்து வேலை பிரிக்க, ஆட்கள் கூடும் களத்தில், ஒரு முழத் தண்டவாளத் துண்டு மரத்தில் தொங்கும். முன்பெல்லாம் வேலைக்குக் கூப்பிட அதை அடிப்பார்கள். மேட்டில் வரிசை வீடுகளாக இருக்கும் மேல் லயத்துக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்ட பிறகு அதற்கு ஒரே வேலைதான்: அடித்தால், போட்டது போட்டபடி எல்லோரும் கோயிலடிக்கு இறங்கிவிட வேண்டும். அடிக்கும் பொறுப்பு கீழ் லயத்து அக்காவுடையது.

பதுளைக்குப் படமெடுக்க வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது என் பிழைப்பு. பழைய ரயில் நிலையம், வெள்ளைக்காரன் காலத்து பங்களாக்கள் என்று சுற்றிக் காட்டுவேன். அப்படி வந்த ஓர் இயக்குநருக்குத் தண்டவாளத்தைப் பார்த்ததும் அதை அடிப்பதைப் படமெடுக்க ஆசை வந்துவிட்டது. நான் பிறந்த தோட்டம் திரையில் வரப்போகிறதென்று எனக்கும் தலைகால் புரியவில்லை.

அக்கா லேசில் சம்மதிக்கவில்லை. "இது வெளையாட்டுச் சாமான் இல்ல தம்பி. ரெண்டு லயத்துக்கும் சொல்லிட்டியா?"

"சொல்லியாச்சுக்கா."

கீழ் லயத்துக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். மூன்று நாளாக மழை, படியெல்லாம் பாசி. வெளிச்சம் போய்விடும் என்று படக்குழு வேறு அவசரப்படுத்தியது. ஏறச் சோம்பல்பட்டுப் பொய் சொன்னேன்.

அக்கா அடித்தார். நான்காவது அடியில் மேல் லயத்துக் கதவுகள் திறந்தன. சனம் அலறிக்கொண்டு இறங்கியது. பிள்ளை பெற்று ஒன்பது நாளேயான ஒரு பெண், குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி பாசிப் படியில் ஓடிவந்தாள். அக்கா சுத்தியலை வீசிவிட்டு மேலே ஓடினார். "ஓடாதீங்க! ஒண்ணுமில்ல, நில்லுங்க!" அந்தப் பெண் சறுக்கினாள். அக்கா குழந்தையைப் பிடித்துக்கொண்டார். தாயின் கைதான் முறிந்தது. கேமராவை யாரும் நிறுத்தவில்லை. "பிரமாதம்!" என்றார் இயக்குநர்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "இனிமே இத யாரு நம்புவா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

போன ஐப்பசியில் மலையிலிருந்து சேற்றுத் தண்ணீர் வந்தபோது அக்கா அடி அடியென்று அடித்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. "படம் புடிக்கிறாங்க போல" என்றார்களாம். அன்று மலை இறங்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

இப்போது மழை வலுத்தால் அக்காவும் நானும் மேல் லயத்துக்கு ஏறி, ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறோம். கீழே தண்டவாளம் ஒலித்துக்கொண்டிருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு வந்த வெளியூர்க்காரர்கள் அடித்துப் பார்க்கிறார்கள்.