ஓர் ஆளுக்குப் போட்ட கணக்கு

காலை ஒன்பதே காலுக்கு ஆலங்குடி தாலுகா கச்சேரி வாசலில் முதலில் கண்ணில் பட்டது, கவிழ்த்துப் போட்ட மண்ணெண்ணெய்ப் பெட்டியும் அதன்மேல் இருந்த தட்டச்சு மெஷினும். பின்னால் ஆள் இல்லை. மனு எழுதுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். என் தங்கை புளியமரத்து நிழலில், ஒரு வேரைப் பார்த்து மெதுவாக உட்கார்ந்தாள். அவளுக்கு எட்டாம் மாசம்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தங்கையின் வீட்டுக்காரர் இலங்கையில் மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம் அவளும் அங்கேதான் இருந்தாள். தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வந்த பிறகு சட்டம் மாறியது. இனி இலங்கைக்குப் போக பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும். மாப்பிள்ளையின் கடிதம் அதை இரண்டு வரியில் சொல்லியிருந்தது. மூன்றாவது வரிதான் முக்கியம். தை மாசத்துக்குள் வந்து இறங்கினால் திரும்பி வருகிறவள் என்று எடுத்துக்கொள்வார்கள். தாண்டினால் புதிதாக வருகிறவள். புதிதாக வருகிறவர்களை விடுவார்களா என்பது அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை.

நான் ஒரு கடலை மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஒரு லோடு சரக்கு போய்ச் சேர என்ன செலவாகும் என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. எட்டணாவுக்கு மேல் பிசகாது. ஆகவே இந்தச் செலவையும் நானே போட்டேன். கச்சேரிக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் எல்லோரும் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். போட்டோவுக்கு நாலு ரூபாய். மனு எழுத ஒன்றரை. முத்திரைத் தாளுக்கும் உறுதிமொழிக்கும் மூன்று. திருச்சி ஏஜெண்டு சொல்லியனுப்பியபடி பாஸ்போர்ட், விசாக் கட்டணம் இரண்டுக்குமாக முப்பது, அவர் கூலி பதினைந்து. பதிவுத் தபால் இரண்டு. புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் போய்வர எட்டு. ரயிலுக்கும் கப்பலுக்கும் பதினெட்டரை. எதிர்பாராத செலவு என்று பத்து. மொத்தம் தொண்ணூற்றிரண்டு. கையில் மாப்பிள்ளை அனுப்பிய எழுபத்தைந்தும், மண்டியில் நான் வாங்கிய முன்பணம் முப்பதும் இருந்தன.

கடைசியில் இன்னொரு வரி தொடங்கினேன். "குழந்தைக்கு..."

முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"டேய், வாய மூடுடா. பொறக்காத பிள்ளைக்கு எவனாச்சும் கணக்கு எழுதுவானா?"

"என்ன ஆகும்னு கேட்டு வச்சுக்கிறதுல என்ன ஆத்தா?"

"தொட்டிலுக்குக் கயிறே பொறந்த பொறகுதான் வாங்குவோம். இவரு அதுக்குள்ள கப்பலேத்துறாரு!"

தங்கை சிரித்துவிட்டாள். அம்மா அவளையும் ஒரு முறை முறைத்தாள். நான் அந்த வரியை அடித்தேன். அடித்ததில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. போன வருஷம் என் மனைவிக்குப் பிள்ளை பிறந்தபோது நாங்களும் ஒரு துண்டுத் துணிகூட முன்னால் வாங்கி வைக்கவில்லை. பிறகு யோசித்தபோதுதான் தோன்றியது, தங்கையின் பிள்ளை எதிர்பாராத செலவிலும் சேராது. அதை எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

போட்டோ எடுக்கப் புதுக்கோட்டைக்குப் போனபோது ஸ்டுடியோக்காரர், "கழுத்துக்கு மேலதாம்மா விழும், நல்லா நிமிந்து உக்காருங்க" என்றார். தங்கை என் பக்கம் திரும்பி, "அப்ப ஒரு ஆளுக்குத்தான் காசு, அண்ணே. இன்னொரு ஆளு ஓசி" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அம்மா பக்கத்தில் இல்லை என்பதால் சொன்னாள்.

மனு எழுதுகிறவர் டீ குடித்துவிட்டு வந்தார். வாயைத் துடைத்துக்கொண்டே மனுப் பாரத்தை மெஷினில் ஏற்றினார்.

"ராஜா காலமா இருந்தா ஊருக்குள்ளயே முடிஞ்சிருக்கும். இப்ப எதுக்கெடுத்தாலும் திருச்சி, மெட்ராசு. ஒங்களுக்கு அலைச்சல், எனக்கு வரும்படி. சொல்லுங்க."

ஊர், வயது, அடையாள மச்சம், புருஷன் தொழில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்தார். பிறகு, "பிள்ளைக உண்டா? பேரு, வயசு?" என்றார்.

"இல்லைங்க" என்றேன்.

அவர் புளியமரத்துப் பக்கம் பார்த்தார். தங்கை முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டார். வயிற்றுப் பிள்ளையைப் பற்றி அந்நிய ஆம்பளைகள் இருவர் கச்சேரி வாசலில் பேசுவது வழக்கமில்லை. "அப்ப இல்லைன்னு போட்டுர்றேன்" என்று சொல்லிவிட்டு அடித்தார். அங்கே நான் சொன்னது உண்மை. ஒரு மாசம் பொறுத்து வந்திருந்தால் அதே கட்டத்தில் ஒரு பெயர் ஏறியிருக்கும்.

ஐப்பசி அடைமழையில் ஆண் பிள்ளை பிறந்தது. பதினொன்றாம் நாள் பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். மழையில் நனைந்திருந்தார். காப்பி கொடுத்தோம். உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டு, "அட, புது ஆளு வந்துட்டாரா? அவரும் போறாருல்ல?" என்றார்.

"ஆமாங்க."

"என் தாள்ல ஒரு ஆளுதானே இருக்கு."

அதை முதலில் சொன்னவர் அவர்தான். அவரே, "நான் என் தாள்ல உள்ளதத்தான் விசாரிச்சு எழுதணும். மத்தத நீங்க எழுதுனவருகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மனு எழுதுகிறவரிடம் ஓடினேன். இப்போது திருத்தினால் மனு முதலிலிருந்து போகும், பாஸ்போர்ட் கைக்கு வரட்டும், பிறகு அதிலேயே பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது.

தை ஐந்தாம் தேதி திருச்சியில் ஏஜெண்டு பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார். விசாவும் குத்தியிருந்தது. மாசக் கடைசிக்குள் போய் இறங்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்றேன். அவர் விரலை மடக்கினார். புத்தகம் மறுபடி மெட்ராசுக்குப் போக வேண்டும், திரும்ப ஆறு வாரம். அதற்குள் விசா தீர்ந்துவிடும். புது விசாவுக்கு மாப்பிள்ளை புதிதாகக் கடிதம் தர வேண்டும், கட்டணம் முழுசாகக் கட்ட வேண்டும், அப்போது அவள் திரும்பி வருகிறவள் இல்லை.

ஊருக்கு வந்து, தாளை நடுவில் மடித்து இரண்டு பக்கமாகப் போட்டேன். இருந்து பிள்ளையின் பெயரைச் சேர்த்துப் போனால் இன்னும் அறுபத்தெட்டு ரூபாய், அதுவும் கிடைக்கும் என்று நிச்சயமில்லை. இப்போது அவள் மட்டும் போய், பிள்ளையைப் பின்னால் அனுப்பினால் நாற்பதுக்குள், மூன்று மாசம். பணத்தைப் புரட்டியிருக்கலாம். தேதியை எங்கே புரட்டுவது?

தங்கைக்குப் படிக்கத் தெரியும். தாளை வாங்கி இரண்டு பக்கத்தையும் படித்தாள்.

"மூணு மாசந்தானே, அண்ணே?"

"மூணு மாசம்."

"ஒங்க கணக்கு பிசகாதுல்ல?"

என் மனைவி பால் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. "எம் பிள்ளையோட இதுவும் குடிச்சிட்டுப் போகுது, அண்ணி நான் இருக்கேன், போயிட்டு வா" என்றாள்.

தை இருபத்திரண்டாம் தேதி புதுக்கோட்டை ஸ்டேஷனில் காலை ரயில். ரயில் வரப் பத்து நிமிஷம் இருக்கும்போது தங்கை சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். பிள்ளை குடித்துக்கொண்டே தூங்கிவிட்டான். "எழுப்ப வேணாம்" என்று சொல்லி என் மனைவி மடியில் வைத்தாள். மனைவி ஒரு துண்டை நாலாக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லி அவளிடம் கொடுத்தாள். வழியில் பால் கட்டும் என்று தெரியும். நான் தனுஷ்கோடி வரை கூடப் போனேன். மானாமதுரை தாண்டியபோது துண்டு நனைந்து ரவிக்கையும் நனைந்திருந்தது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பல் ஏறும் இடத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்தவர் அரை நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்தார். தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன.

தாய் ஊரில் இல்லாததால் பிள்ளைக்குத் தனி பாஸ்போர்ட் என்றார்கள். போட்டோவுக்கு என் மனைவி அவனைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். ஸ்டுடியோக்காரர் அவளை வெட்டி எடுத்த பிறகும் அவன் விலாவில் நாலு விரல் இருந்தது. தகப்பனாரின் சம்மதக் கடிதம் அங்கிருந்து வர இரண்டு மாசம் ஆயிற்று. அதில் ஒரு முத்திரை குறைந்தது. அது சரியாவதற்குள் மாப்பிள்ளை அந்த நாட்டில் நிலையாக இருக்க உரிமை கேட்டு மனுப் போட வேண்டியதாயிற்று. அது தீரும்வரை பிள்ளையின் மனு நிற்கும் என்று பதில் வந்தது. தங்கை இங்கே வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றால், வந்தால் திரும்ப விடுவார்கள் என்று சொல்ல ஆளில்லை. வருஷத்துக்கு ஒரு முறை கட்டணம் ஏறியது. வருஷத்துக்கு ஒரு முறை நான் புதிதாகச் செலவு போட்டு அனுப்பினேன். எந்த முறையும் அது சரியாக வரவில்லை.

தங்கையின் கடிதங்கள் சின்னவை. பிள்ளைக்குப் பல் எத்தனை என்று ஒரு முறை கேட்டிருந்தாள். விரலை விட்டுப் பார்த்து, மேலே நாலு, கீழே இரண்டு என்று எழுதினேன். யாரை ஆத்தா என்று கூப்பிடுகிறான் என்று இன்னொரு முறை கேட்டிருந்தாள். அந்தக் கடிதத்துக்கு என் மனைவியைப் பதில் எழுதச் சொன்னேன். அவள் எழுதவில்லை.

அனுமதி வந்தபோது அவனுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. மடியில் போயிருந்தால் ஓசி. இப்போது அவனுக்கு ரயிலிலும் கப்பலிலும் அரை டிக்கெட் வாங்கினோம்.