முகம் வராத துணிகள்

தீனதயாளனுக்குத் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியின் டிசைன் பிரிவில் வேலை. கைக்குழந்தைச் சட்டைகளில் அச்சாகிற யானை, கரடி, முயலெல்லாம் அவன் வரைந்தவை. முயலுக்கு எந்தக் காது மடிந்தால் தூங்கி வழிகிற மாதிரி தெரியும் என்பது வரைக்கும் யோசிக்கிறவன். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து மனைவி இந்துமதி உண்டானபோது, அவன் வரைந்த கரடிகள்கூடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தன என்று கம்பெனியில் கேலி செய்தார்கள்.

எட்டாம் மாதத்தில் வயிற்றில் அசைவு நின்றுபோனது. பெண் குழந்தை, உயிரில்லாமல் பிறந்தது. துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தார்கள். முகத்தைப் பார்த்தால் காலத்துக்கும் மறக்காது, பார்க்காதே என்று பெரியவர்கள் தடுத்தார்கள். அவனும் பார்க்கவில்லை. அவிநாசிக்குப் பக்கத்தில் மாமனார் தோட்டத்தில் புதைத்தார்கள். இந்துமதியை அவள் அம்மா மருதாள் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

வேலைக்குத் திரும்பியவனுக்குக் கரடியின் உடம்பு வந்தது, காது வந்தது. கண்ணுக்குப் புள்ளி வைக்கப் போனால் கை நின்றுவிட்டது. மேலே இருந்தவர்களிடம் சொல்லி, கோடு போட்ட துணிகளுக்கான வேலைக்கு மாறிக்கொண்டான்.

சாயங்காலங்களில் வெறும் வீட்டுக்குப் போகக் கால் வராது. ராயபுரத்தில் சினேகிதன் ரத்தினசாமியின் பிரிண்டிங் பட்டறையில் போய் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் அச்சடித்து மிஞ்சிய கலர் வாளியில் கிடந்தது. வீணாய்ப்போன பனியன் துணி ஒன்றை மேசையில் விரித்து, அந்தக் கலரைக் கையாலேயே அள்ளி இழுத்தான். கருநீலத்தின்மேல் துருப்பிடித்த மாதிரி ஒரு சிவப்பு. அது காயும் முன்பே சாம்பல் நிறம். ஆளுமில்லை, மிருகமுமில்லை. இதென்ன என்று ரத்தினசாமி கேட்டபோது, தீனதயாளன் துணியைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் அவனுக்குச் சோறு இறங்கியது. மறுநாளும் போனான். காய்ந்த துணிகள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்து, கூடத்துச் சுவர் முழுக்க ஏறின.

இந்துமதி திரும்பி வந்தது புரட்டாசியில். பையைக் கீழே வைக்காமலே சுவரைச் சுற்றிப் பார்த்தாள்.

“இதெல்லாம் பாப்பாவுக்காகங்களா?” என்றாள்.

அவன் தலையாட்டினான். முகம் தெரியாத பிள்ளையை வேறெப்படி நினைப்பது என்று தெரியவில்லை, அதனால்தான் இப்படி என்று தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு, “நான் பாத்தனுங்க” என்றாள். “நர்ஸம்மா கொண்டாந்து காட்டுனாங்க. உங்க மூக்குங்க. நெத்தி நிறைய முடி.”

தீனதயாளன் சுவரை விட்டு அவள் பக்கம் திரும்பினான். இத்தனை மாதமும் வாராவாரம் அவிநாசிக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தான். மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறான். குழந்தையின் முகத்தைப் பார்த்தாயா என்று கேட்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

“நீ ஏன் சொல்லுல?”

“நீங்க கேக்கவே இல்லீங்களே.”

மேசையிலிருந்து பென்சிலையும் காகிதத்தையும் எடுத்தான். சொல்லு, வரைகிறேன் என்றான். இந்துமதி பென்சிலை வாங்கிக் கீழே வைத்தாள்.

“வரையாதீங்க. நீங்க வரைஞ்சா அப்பறம் அதுதான் எனக்கு ஞாபகம் நிக்கும். நான் பாத்தது போயிருமுங்க.”

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் பட்டறைக்குப் போய் வந்தான். சில நாள் அவளும் கூடப் போய் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை மட்டும், சாம்பல் நிறம் வேண்டாமுங்க என்று சொல்லி வாளியைத் தள்ளி வைத்தாள்.

அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. இரண்டு பேரும் முன்போலச் சிரித்துப் பேசிக்கொள்வதுமில்லை. ஆனால் பிரிந்தும் போகவில்லை. பட்டறை ஆபீஸில் மாட்ட ஒரு துணி தரச் சொல்லி ரத்தினசாமி வீட்டுக்கே வந்து கேட்டபோது, தீனதயாளன் மனைவியைப் பார்த்தான்.

“இல்லீங்கண்ணா” என்றாள் இந்துமதி. “அது எங்க ஊட்டுலயே இருக்கட்டும்.” ரத்தினசாமி தலையாட்டிவிட்டு, அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.