மலை ஓட்டத்தன்று நான் கொடுத்த பேர்

எங்கள் பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தவர்கள் ஸ்காட்லாந்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்த பாதிரிமார்கள். அவர்கள் போய் எத்தனையோ காலமாகியும் அவர்கள் விட்டுப்போன பழக்கங்கள் போகவில்லை. மாணவிகளுக்கு நான்கு அணிகள், நான்குக்கும் அவர்கள் ஊர் ஆறுகளின் பெயர். வாயில் நுழையாத அந்தப் பெயர்களை விட்டுவிட்டு நாங்கள் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்றே சொல்லிக்கொள்வோம். விழா நாட்களில் தோளுக்குக் குறுக்கே கட்டம் போட்ட பட்டை ஒன்றைப் போட வேண்டும். எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் அதைத் தொட்டுப் பார்த்து, "லுங்கியக் கிழிச்சுத் தெச்சுக் குடுத்துட்டாங்களா கண்ணு?" என்று கேட்பார்கள்.

வருடத்தின் பெரிய நாள் மலை ஓட்டம். அதை மழைக்காலத்தில்தான் வைப்பார்கள். அவர்கள் நாட்டில் அப்படித்தானாம். பள்ளி கேட்டில் கிளம்பி, எஸ்டேட் ரோடு வழியாகப் போய், கொட்டச்சேடு போகும் பாதையிலுள்ள சிலுவைக்கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். முதலில் வருபவருக்கு ஒரு கைதட்டு, அவ்வளவுதான். அணியின் கடைசி ஆள் வந்து சேர்கிற நேரமே அணியின் நேரம். ஓர் ஆள் குறைந்தாலும் அணிக்குக் கோப்பை கிடையாது. மலையில் யாரையும் விட்டுவிட்டு வரக்கூடாது என்று அந்தக் காலத்துப் பாதிரியார் ஒருவர் வைத்த சட்டம் அது என்று எச்.எம். வருடாவருடம் ஜெபத்தில் சொல்வார். அதனால் அணித்தலைவி கடைசி ஆளோடுதான் ஓட வேண்டும்.

நான் பத்தாவது படித்தபோது பச்சை அணிக்குத் தலைவி. எங்கள் கடைசி ஆள் என் தோழி.

ஒரே லைனில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. எங்கள் இருவரின் அம்மாக்களும் ஒரே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தார்கள். அவளுக்கு ஓட்டம் வராது. "எங்காலு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கறதில்ல புள்ள" என்பாள். ஆனால் தலை அப்படியில்லை. காப்பிப் பழம் தோலுரிக்கும் பல்பரிலிருந்து ஓடைக்கு வருகிற நாற்றத் தண்ணீரை மணல், கரி, உமி என்று அடுக்கி வடிகட்டுவதற்கு ஒரு மாதிரி செய்து, சேலத்தில் நடந்த அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியிருந்தாள். எங்கள் லைனிலிருந்து மாவட்ட அளவில் பரிசு வாங்கிய முதல் ஆள் அவள்தான். அந்தப் பரிசை மலை ஓட்டத்தன்று மூன்று மணிக்கு மேடையில் கொடுப்பதாக இருந்தது. அவளுடைய அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை ஒரு வாரமாக எல்லாரிடமும், "எம் மக சாக்கடத் தண்ணிக்கு மெடல் வாங்கறா, வந்து பாருங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஓட்டத்தை முடிக்காதவர்கள் அன்று மேடை ஏற முடியாது.

இங்கே எஸ்டேட் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். கணக்கெழுதும் ரைட்டர் நோட்டை வைத்துக்கொண்டு கூப்பிடுவார். யாருக்காவது பிள்ளைக்கு முடியவில்லை, அடுப்பு பற்றவில்லை, கொஞ்சம் பிந்திவிட்டார்கள் என்றால் பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுத்துவிடுவார். இதற்குப் பேர் கொடுப்பது என்றே சொல்வார்கள். "ஏனுங்க, அவ பின்னால வந்துட்டு இருக்கறாளுங்க, போட்டுக்குங்க." ரைட்டரும் நிமிர்ந்து பார்க்காமல், "குரல் ஒண்ணாத்தான் இருக்குது, ஆளு ரெண்டாக்கும்?" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொள்வார். என் அம்மாவுக்கு அத்தை கொடுத்திருக்கிறார். அத்தைக்கு அம்மா கொடுத்திருக்கிறார். பேர் கொடுக்காதவளை எங்கள் லைனில் மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள்.

ஓட்டத்தன்று காலையிலேயே தூறல். பத்தரைக்குக் கிளம்பினோம். சிலுவைக்கல்லை அடையும்போது மழை கொட்டியது. அங்கே நின்று கல்லைத் தொட்டவர்களைக் குறித்துக்கொண்டிருந்த ஆசிரியைகள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். எங்கள் அணியில் மற்றவர்கள் எல்லாம் முன்னால் திரும்பிவிட்டார்கள். நானும் அவளும்தான் கல்லைத் தொட்டுக்கொண்டு மூச்சு வாங்கினோம்.

"ஏ புள்ள, நீ போ" என்றாள். "நான் ஊட்ட எட்டிப் பாத்துப்போட்டு வந்தர்றேன். அப்பனுக்கு நேத்திருந்து நொம்பக் காச்சல். அம்மா பழத்துக்குப் போயிருச்சு. ஒரு வாய்க் கஞ்சி குடுக்க ஆளில்ல."

கல்லுக்குக் கீழே காப்பிச் செடிகளுக்கு நடுவே இறங்கினால் எங்கள் லைனுக்குக் குறுக்குப்பாதை.

"கப்பு போயிரும்டீ" என்றேன்.

"கப்புல கஞ்சி காச்சிக் குடுப்பியா? போ புள்ள. பத்தே நிமிசம். மெடலுக்குள்ள வந்திருவேன்."

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். நீல அணித்தலைவி தன் கடைசி ஆளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நான் ஓட ஆரம்பித்தேன், பாதி வழியில் அவர்களைத் தாண்டினேன்.

மழையால் கேட்டில் யாரும் இல்லை. எல்லாரையும் ஹாலுக்குள் விட்டு, அணித்தலைவி வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, பி.டி. மிஸ் நனைந்த தாளிலிருந்து அணியணியாகப் பேர் கூப்பிட்டார். அந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவர், எங்களை விட எட்டுப் பத்து வயதுதான் கூட. பிள்ளைகள் தலை துவட்டிக்கொண்டு, கோணிப்பை போர்த்திக்கொண்டு, கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் தோழி பேர் வந்தது. நான் யோசிக்கவே இல்லை. வாயில் துண்டை வைத்துக்கொண்டு, கொஞ்சம் மெல்லிய குரலில், "உள்ளேன் மிஸ்" என்றேன். அடுத்ததாக என் பேர் வந்தபோது என் குரலில் சொன்னேன். பக்கத்திலிருந்த எங்கள் லைன் பிள்ளை ஒருத்தி என்னைப் பார்த்து வாயை மூடிச் சிரித்தாள். அவளுக்கும் பெரட்டு தெரியும்.

அவளுடைய மெடலுக்காகத்தான் சொன்னேன் என்று பல வருடம் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. நீல அணிக்கு முன்னால் நாங்கள் வந்துவிட்டோம் என்று மிஸ் அறிவித்தபோது நான் குதித்த குதி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மூன்று மணிக்குள் மழை விட்டது. கோப்பையை என் கையில் கொடுத்தார்கள். பிறகு அறிவியல் பரிசு. அவள் பேரைக் கூப்பிட்டார்கள், யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். கடைசி வரிசையில் அத்தை எழுந்து நின்றார். அரைநாள் லீவு சொல்லிவிட்டு, எஸ்டேட்டிலிருந்து நேராக வந்திருந்தார். காலையிலேயே கையோடு எடுத்துப்போன கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தார், விரல்களில் காப்பிப் பழக்கறை. பாத்ரூம் போயிருப்பாள் என்று அடுத்த பரிசுக்குப் போய்விட்டார்கள்.

விழா முடிந்தும் அவள் வரவில்லை. அப்பனோடு உட்கார்ந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அத்தை பி.டி. மிஸ்ஸின் போனை வாங்கி எங்கள் லைனில் இன்னொரு வீட்டுக்குப் பேசினார். அப்பன் தனியாகத்தான் படுத்திருக்கிறார், காலையிலிருந்து யாரும் வரவில்லை என்றார்கள்.

அப்போது மணி மூன்றரை. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வந்து சேந்தா, பேர் கூப்பிட்டப்ப உள்ளேன்னு சொன்னா, நானே டிக் போட்டிருக்கேன்" என்று மிஸ் தாளைக் காட்டினார். "அதுக்கப்புறம்தான் வெளிய போயிருக்கணும்."

அதனால் வெளியே தேடினார்கள். பஸ் நிற்கும் இடம், பஜார், ஏரிக்கரை. ஹாலில் என்னைப் பார்த்துச் சிரித்த பிள்ளை விழா முடிந்ததுமே கிளம்பிப் போயிருந்தாள். ஒருத்தரும் மலைப்பக்கம் திரும்பவில்லை. வந்து சேர்ந்துவிட்ட பெண்ணை மலையில் யார் தேடுவார்கள்? வாட்ச்மேன் ஒரு ரீசார்ஜ் கடைப் பையனின் பேரைச் சொன்னார். அந்தப் பையன் இரண்டு நாளாகக் கடைக்கே வரவில்லையாம். "காலம் கெட்டுக் கெடக்குதுங்க" என்றார். அத்தை அவரைப் பார்த்து, "எம் புள்ள அப்பனுக்குக் கஞ்சி வெக்காம எங்கியும் போகமாட்டாளுங்க" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்லு சாமி. உங்கூடத்தான ஓடுனா? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான வந்தீங்க?"

கோப்பை என் இன்னொரு கையில் இருந்தது.

"ஆமாங்கத்த" என்றேன்.

இரண்டு மணி நேரம் அப்படி இருந்தேன். ஏன் என்று கேட்டால் இன்றும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. ஸ்கூலை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். இதோ வந்துவிடுவாள், நனைந்த பாவாடையோடு கேட்டுக்குள் வருவாள், எல்லாம் சிரிப்பாகிவிடும் என்ற நினைப்பு. ஒவ்வொரு ஐந்து நிமிடமும் இன்னும் ஐந்து நிமிடம் என்று தள்ளினேன். முதலில் சொல்லியிருந்தால் ஒரு பொய். நேரம் போகப் போக, ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஐந்தரைக்கு, ஏரியில் படகு ஓட்டுகிறவர்கள் கழி விட்டுப் பார்க்கிறார்கள் என்று சேதி வந்தது. அத்தை செருப்பு போடாமல் கிளம்பினார். அதைப் பார்த்துத்தான் நான் பி.டி. மிஸ்ஸிடம் போய், "அவ வந்து சேரவே இல்லீங்க மிஸ். நாந்தான் பேர் குடுத்தேன்" என்றேன். மிஸ்ஸுக்குப் புரியவில்லை. "பேர் குடுத்தேன்னா?" என்று கேட்டார். விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

ஜீப்பில் போனோம். சிலுவைக்கல்லிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. குறுக்குப்பாதையில் மண்ணைத் தாங்க அடுக்கிய கல்லுக்கட்டு மழைக்கு ஊறிப்போய், அவள் கால் வைத்ததும் சரிந்திருக்கிறது. கட்டின் அடியில், காப்பிச் செடிகளுக்குள் கிடந்தாள். முழங்காலின்மேல் ஒரு பெரிய கல் கிடந்தது. உதடு வெளுத்திருந்தது. அவளுடைய பாதம் மட்டும் வேறு யாருடையதோ மாதிரி நிறம் மாறியிருந்தது. டிரைவரும் வாட்ச்மேனும் கல்லைப் புரட்டினார்கள். அவள் கத்தவில்லை. என்னைப் பார்த்தாள்.

"கத்திக் கத்திப் பாத்தேன் புள்ள. மழையில ஒண்ணும் கேக்கல. நீ தேடி வருவீன்னே கெடந்தேன்."

கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது இரவாகிவிட்டது. ரத்தக்குழாய் நசுங்கியிருக்கிறது, ஆறு மணி நேரத்துக்குள் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அவள் விழுந்தது பதினொன்றே முக்கால் இருக்கும். மூன்றரைக்கு நான் சொல்லியிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் போயிருக்கும். இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த பி.டி. மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார், அவரும் சொல்லவில்லை. மறுநாள் முழங்காலோடு காலை எடுத்தார்கள்.

கோப்பை நீல அணிக்குப் போயிற்று. தலையை எண்ணாமல் பேரை மட்டும் கூப்பிட்டது தவறு என்று பி.டி. மிஸ்ஸை அனுப்பிவிட்டார்கள். என்னை அனுப்பவில்லை. சின்னப்பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள் என்று எச்.எம். எழுதி வைத்தார். என் பேர் பத்தாவது பரீட்சை வரை பதிவேட்டில் இருந்தது, அதற்குப் பிறகு நானே நின்றுகொண்டேன். அதற்கு மேல் படித்ததெல்லாம் கிடைத்த பேப்பரிலிருந்தும் மனிதர்கள் வாயிலிருந்தும் பொறுக்கிக்கொண்டதுதான்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் என் அம்மா அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தை அவரைத் தூக்கி நிறுத்தினார்.

"உடு. நம்மளப் பாத்துத்தான பழகுச்சு" என்றார். பிறகு என்னிடம், "பேர் குடுத்தத நாங்கேக்கல கண்ணு. நாங்கேட்டப்ப ஒண்ணா வந்தோம்ன பாத்தியா, அதத்தான் என்னால முழுங்க முடியல" என்றார். அதற்குப் பிறகு என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

மெடலைத் தபாலில் அனுப்பினார்கள். அவள் இரண்டு வருடம் கழித்துத் தனியாகப் பத்தாவது எழுதினாள், செயற்கைக் கால் போட்டு நடக்கப் பழகினாள், பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் அவள் வீட்டுக்குப் போவேன். பழம் வாங்கிப் போவேன். கொஞ்ச நேரம் பேசுவேன். பிறகு அவளுடைய கட்டிலோரம் உட்கார்ந்து அழுவேன். அவள் என் தலையைத் தடவி, "உடு புள்ள, நாந்தான எறங்குனேன்" என்பாள். வீட்டுக்கு வரும்போது எனக்கு நெஞ்சு லேசாக இருக்கும்.

ஒரு ஞாயிறு கதவருகிலேயே நிறுத்தினாள். கோபமில்லை. களைத்திருந்தாள்.

"இனி வராத புள்ள" என்றாள். "நீ வர்றப்பெல்லாம் நாந்தான் உன்னயத் தேத்தி அனுப்பறேன். வாரம் பூரா நிக்கற வேல. ஞாயித்துக்கெழம ஒரு நாளாச்சும் யாரையும் தேத்தாம படுத்துக்கறேன்."

பழத்தை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள்.

நான் போவதில்லை. காலை பஸ்ஸில் சில நாள் பார்க்கிறேன். அவள் மெதுவாகக் கடைசியில் ஏறியதும் நான் எழுந்து சீட்டை விடுவேன். அவள் என்னைப் பார்த்துத் தலையசைப்பாள், உட்கார மாட்டாள். வளைவுகளில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஜார் வரைக்கும் நின்றுகொண்டே வருவாள். காலியான அந்த சீட்டில் யாராவது உட்கார்ந்துகொள்வார்கள்.