வெள்ளி பெயிண்ட் அடித்த நெம்புகோல்

வெள்ளி பெயிண்ட் வாடை வந்தால் இன்றும் எனக்குக் குமட்டும். அதைவிடக் கேவலமான நாற்றத்தைப் பதினொரு வயதில் மூக்கைப் பொத்தாமல் சகித்திருக்கிறேன்: பாறசாலைப் பக்கம், ரயில் ஓடாத பழைய பாதையோரத்தில், சிக்னல் கம்பி செல்லும் ஓடையின் பலகையைத் தூக்கினால் செத்த தவளையும் கெட்டிப்பட்ட கிரீஸும் வெற்றிலை எச்சிலும் சேர்ந்து எழும் நாற்றம். அது வேலையின் நாற்றம், அதனால் பொறுத்துக்கொண்டேன்.

அந்தப் பாதைத் துண்டையும் சிக்னல் கேபினையும் இடிக்கவிடாமல் காக்க, சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் கூலியில்லாமல் உழைத்தார்கள். தனுவச்சபுரத்தில் ஃபிட்டர் வேலை கற்றுக்கொடுத்த என் அம்மாவும், கடற்கரையிலிருந்து வரும் சேவியர் மாமனும் கம்பிக்குப் பொறுப்பு. கேபினில் நெம்புகோலை இழுத்தால் கம்பி கப்பிகள் மேல் ஓடி, தூரத்துக் கம்பத்தின் சிவப்புக் கை தாழ வேண்டும். அதற்காக மூன்று மாதம் ஒவ்வொரு கப்பியையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தார்கள். நெம்புகோலின் பிடியை வெறுங்கையால் தொட அம்மா யாரையும் விட்டதில்லை. "வேர்வை பட்டா துரு பிடிக்குமாக்கும். துணி எங்க மக்கா?" என்பாள்.

ஞாயிறு திறப்பு விழா. எங்கள் பக்கம் விழா என்றாலே எதையாவது பூச வேண்டும். சனி மாலை நாங்கள் போனபின், குழுத் தலைவரான தேவதாஸ் சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கப்பி, அச்சு, பிடி எல்லாவற்றிலும் வெள்ளி பெயிண்ட் அடித்துவிட்டார். காலையில் கம்பி அசையவில்லை.

"எந்த மண்டன்லே கப்பிக்க உள்ள பெயிண்ட ஊத்தினது?" என்று கத்தினார் சேவியர் மாமன்.

"பாக்க ஒரு சொகம் வேண்டாமாடே?" என்றார் சார், கூசாமல்.

பிறகு சார், நெம்புகோல் தடையில்லாமல் வரட்டும் என்று அம்மாவுக்குத் தெரியாமல் கேபினடியில் கம்பியைக் கழற்றிவிட்டு, கம்பத்தடி இரும்புத் தண்டில் கயிறு கட்டி என்னிடம் தந்தார். "நான் கைலேஞ்சி வீசும்போ தொங்கி இழுத்தா மதி, அது போதும். அம்மைக்கு நல்ல பேரு கிட்டும்லா?"

அந்தப் பேருக்காகச் சம்மதித்தேன்.

விருந்தினர் வந்தார். பலமாக இழுத்தால் பெயிண்ட் பிடிப்பு விட்டாலும் விடும் என்று அம்மா துணியைச் சுற்றிப் பிடித்து, காலூன்றி இழுத்தாள். பலம் முழுவதும் கேட்கும் நெம்புகோல் காய்ந்த ஓலைபோல் வந்துவிட்டது. சார் கைக்குட்டையை வீசினார், நான் தொங்கினேன், சிவப்புக் கை தாழ்ந்தது, கைதட்டல். அம்மா சிக்னலைப் பார்க்கவில்லை. கேபினின் உயர ஜன்னல் வழியே, கம்பத்தடிப் புதர் மறைவில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் கயிற்றை விட்டேன்; கை மேலேறியது.

"இன்னொருக்க!" என்றார் விருந்தினர்.

"நான் இழுக்கல்ல" என்று அம்மா துணியை மடித்து, எல்லோரும் பார்க்க ஜன்னலோரம் வந்து கைகட்டி நின்றாள். சார் மறுபடி கைக்குட்டையை வீசினார். பழகிய நாய்போல நான் இழுத்தேன். யாரும் தொடாத நெம்புகோலுக்குச் சிக்னல் தாழ்ந்தது. ஜனம் முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது.

வீட்டில் அம்மா ஒன்றே சொன்னாள்: "கையக் கழுவு. அந்தப் பெயிண்டு சோத்துல படாண்டாம்." அடுத்த சனிக்கிழமை முதல் அவளும் போகவில்லை, சேவியர் மாமனும் வரவில்லை.

போன மாதம் போய்ப் பார்த்தேன். சிவப்புக் கையைத் தாழ்ந்தபடியே வெல்டிங் வைத்துவிட்டார்கள். கம்பி இல்லை, கப்பி இல்லை, சிமெண்ட் போட்டு மூடிய ஓடையில் அந்த நாற்றமும் இல்லை. செல்போனோடு நின்ற ஒருவர், "இழுக்குறமாதிரி நில்லுங்க, படம் எடுக்கேன்" என்றார். பிடியில் புது வெள்ளி பெயிண்ட் மினுங்கியது. அம்மாவின் துணி என் பையில் இருந்தது. துணியால்கூட நான் அதைத் தொடவில்லை.