ஹனிபா நானாவின் பெட்ரோல்

போன மாதம் கண் கிளினிக்குக்குப் போக ஓர் ஓட்டோவில் ஏறினேன். பாதி வழியில் பெட்ரோல் அடிக்க நிறுத்திய ஓட்டோக்காரர், இறங்கும் முன் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "இந்த பெட்ரோல் செட்டுல அடிக்கவே பயம் ஐயா. தண்ணி கலக்குறானுங்கன்னு பேச்சு."

"யாரு சொன்னது?" என்றேன். கொஞ்சம் கடுமையாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. "எல்லாரும்தான் சொல்றாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். திறந்த பக்கத்தால் பெட்ரோல் வாசனை உள்ளே வந்தது.

எனக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களின் வாசனை. சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இரண்டாம் கிளாக்கராக இருந்தேன். கண்டியில் இங்கிலீஷ் படித்தவன், கல்யாணம் ஆகாதவன். மேலே துரை பங்களா, கீழே தொழிலாளர் லயங்கள், நடுவில் என் குவாட்டர்ஸ். மேலே போனால் நான் நிற்க வேண்டும். கீழே போனால் அவர்கள் எழுந்து நிற்பார்கள். உட்கார்ந்து பேச எனக்கென்று ஓர் இடம் இல்லை. அதனால்தான் கார் வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கேட்டிருந்தால் வேறு நூறு காரணங்கள் சொல்லியிருப்பேன்.

சீமைக்குத் திரும்பிய சின்னத்துரை ஒருவர் விட்டுப்போன சின்னக் கறுப்புக் கார். குளிரில் கிளம்பாது. எப்போதும் சரிவைப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வருவேன். சரிவும் உதவாத நாட்களில் லயத்து ஆட்கள் வந்து தள்ளுவார்கள். வெளிநாட்டுச் சாமான்கள் வருவதை அரசாங்கம் இறுக்கிய பிறகு உதிரிப்பாகம் எதுவும் கிடைக்கவில்லை. பெட்ரோல் தொட்டியில் விழுந்த பொத்தலைக் குளிக்கும் சவர்க்காரத்தால் அடைத்து ஓட்டினேன்.

"கிளாக்கரையா, காரு ஒங்களுக்கா, நீங்க காருக்கா?" என்பார் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் முத்தையா, தள்ளிக்கொண்டே.

"பேசாம தள்ளுய்யா, ஐயா பொண்ணு பாக்கப் போறாரு" என்பார் பின்னாலிருந்து இன்னொருவர்.

சிரித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பேன். தள்ளியவர்களை ஒரு நாளும் ஏற்றிக்கொண்டதில்லை. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்று காரணம் சொல்வேன். உண்மையான காரணம்தான், வசதியான காரணமும்கூட.

நான் போனது கொட்டகலைக்கு. கடைவீதியில் ஹனிபா நானா மளிகைக் கடை வைத்திருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்போம். கடைக்கு முன்னால் கையால் இறைக்கும் பெட்ரோல் பம்ப் ஒன்று நின்றது. வெள்ளைக்காரக் கம்பெனியின் பெட்ரோல். நானாவுக்கும் ஒரு கார் இருந்தது, என்னுடையதைவிடக் கிழடு. ஒரு கேலன், மிஞ்சினால் இரண்டு கேலன் வாங்குவேன். பிறகு கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பேன். ஆஸ்பத்திரி வாசலில் சந்தித்த இரண்டு நோயாளிகளைப் போல, எந்தக் காருக்கு எந்த இருமல் என்று பேசிக்கொண்டிருப்போம். வாரம் முழுவதும் நான் வாய்விட்டுச் சிரிப்பது அந்தப் பெஞ்சில்தான்.

எண்ணெய் வியாபாரத்தை அரசாங்கம் கையில் எடுக்கத் தொடங்கியது. கொட்டகலையிலும் சற்றுத் தள்ளி ஓர் அரசாங்கப் பம்ப் வந்தது. நான் அதற்குப் பெரிய ஆதரவாளன். பத்திரிகையில் படித்ததை எல்லாம் நானாவிடம் கொண்டுபோய்க் கொட்டினேன்.

"கம்பெனிக்காரன் நம்ம சொத்தை அள்ளிக்கிட்டுப் போறான் நானா. இனி எண்ணெய் எல்லாருக்கும் பொது."

"அப்பிடியா தம்பி? மலைத்தண்ணிய மறிச்சு எடுக்கிற கரண்டும் பொதுதானே. ஒங்கட தோட்டத்துக்கு மேலால கம்பி போகுது. லயத்துல ஒரு பல்ப் எரியுதா, செல்லுங்க?"

பக்கத்தில் இருந்த லொறிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். "படிச்ச மனுசன், யோசிச்சுத்தான் செல்லுவாரு" என்று நானாவும் சிரித்துக்கொண்டே கோப்பையை நீட்டினார். நான் அதை வாங்காமல் எழுந்து வந்தேன்.

அந்த வாரமே ஓர் ஏற்றத்தில் கார் நின்றது. மெக்கானிக் கழற்றிப் பார்த்து, "தண்ணி வந்துருக்குங்க" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது என்பதை நான் சேர்த்துக்கொண்டேன். அரசாங்கப் பம்பில், லொறிக்காரர்கள் கேட்க, நானா பெட்ரோலில் தண்ணீர் கலக்கிறார் என்று சொன்னேன். பெரிய கிளாக்கரிடமும் சொன்னேன். தோட்டத்து லொறி பம்பை மாற்றியது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் லொறிகளும் மாறின. "கிளாக்கரையாவே சொல்லிட்டாரு" என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. கேட்க நன்றாக இருந்தது. விவாதத்தில் கடைசியில் நான்தான் வென்றேன் என்று நினைத்தேன்.

அரசாங்கப் பம்பில் பெஞ்ச் இல்லை. அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல் வெறுமனே காரோட்டினேன். ஒரு நாள் றொசல்ல வரைக்கும் போய், ஸ்டேஷனில் ரயில் வந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். யாரையும் ஏற்ற வேண்டியிருக்கவில்லை, இறக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த பனிக்காலத்தில் கார் மறுபடி நின்றது. மறுபடியும் தண்ணீர். இம்முறை தொட்டியில் இருந்தது அரசாங்கப் பெட்ரோல். மறுநாள் காலையில் தொட்டியின் மூடியைத் திருகி எடுத்தேன். அதன் உட்புறமெங்கும் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. புதிதாகக் கண்டது போல அதை நான் எழுதக் கூடாது. எத்தனையோ காலைகளில் கண்டு, கைக்குட்டையால் துடைத்திருக்கிறேன். ஒரு கேலன் ஒரு கேலனாக வாங்கும் காரில் தொட்டி முக்காலும் காலிதான். அந்தக் காலியிடத்தில் இரவெல்லாம் மலைக்குளிர் நீராக இறங்கியிருக்கிறது. மூடிவைத்த சோற்றுப் பானையைத் திறந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்.

ஞாயிறன்று நானாவிடம் போனேன். மண்ணெண்ணெய் வாங்க வந்த ஒரு பெண்ணைத் தவிர கடையில் யாரும் இல்லை. பெஞ்சில் உப்பு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். நானா எழுந்து நின்றார்.

"வாங்க சேர். எவ்வளவு அடிக்க?"

அதுவரை அவர் என்னைத் தம்பி என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி அழைத்ததில்லை.

"ரெண்டு கேலன்" என்றேன். பம்பின் கைப்பிடியை அவரே ஆட்டினார். வழியெல்லாம் வேறொரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். "இந்த வருஷம் பனி கூட, என்ன?" என்றேன்.

"ஓ சேர். கூடத்தான்."

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். நான் பேசுவதற்கு இடம் விட்டார் என்றே இன்றும் நினைக்கிறேன். நான் காரில் ஏறிக்கொண்டேன்.

பிறகு கம்பெனிப் பம்புகள் எல்லாமே அரசாங்கத்தின் கைக்குப் போயின. வியாபாரம் நடக்காத பம்பை யார் எடுத்து நடத்துவார்கள்? நானாவின் பம்பைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நானா கடையைக் கொடுத்துவிட்டு அக்குறணையில் மகளோடு போய் இருந்தார். அவர் மௌத்தான செய்தி எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. அரசாங்கக் கொள்கையால் பிழைப்பை இழந்தவர் என்று அவரைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லிவந்தேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். காரைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான்.

கண் கொஞ்சம் தெளிந்த பிறகு, போன வாரம் கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கடை இருந்ததாக நான் நினைத்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். கடைக்கார இளைஞர் நாற்காலி போட்டார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். நானா ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கவில்லை என்றேன்.

"கலக்குனாருன்னு யாருங்க ஐயா சொன்னது?" என்று கேட்டார்.

"நான்தான்."

அவர் கையிலிருந்த தொலைபேசியை மேசையில் வைத்தார். "அப்ப கேட்டவங்க யாராவது இப்ப இருக்காங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"இங்க பம்ப் இருந்துச்சுன்னே எங்களுக்குத் தெரியாதுங்க. எந்த இடத்துல?"

காட்டுவதற்காக வெளியே வந்தேன். வீதியை அகலமாக்கியிருந்தார்கள். கையை நீட்டினேன். எந்தப் பக்கம் என்று எனக்கே பிடிபடவில்லை.